மரத்தில் நிற்பவனைக் கூப்பிடக் கூடாது

மழைக்கு முன்னால் பம்பாய் மாட்டுங்காவில் கிளை கழிக்கும் வேலை வரும். தெருவோர மரங்கள் பால்கனிகளுக்குள் நீட்டிக்கொண்டும் மின்கம்பிமேல் சாய்ந்துகொண்டும் இருக்கும். ஜூன் காற்றில் ஒடிந்து விழுந்தால் ஆள் செத்துப்போவான் என்று கட்டடக்காரர்கள் மே மாதத்திலேயே முகாதமிடம் சொல்லிவிடுவார்கள். முகாதம் என்பவர் எங்களுக்கு வேலை பிடித்துத் தரும் மேஸ்திரி, மராட்டிக்காரர். அவர் தாராவிக்கு வந்து எங்களைக் கூட்டிப் போவார். பனை ஏறும் ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதால் எந்த மரமும் ஏறுவோம் என்று நம்பினார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

மேலே ஏறுவது அத்தான், என் அக்காவின் கணவர். பம்பாய்க்கு வரும் முன்பு ஊரில் தினமும் பனை ஏறியவர். எனக்கு உயரம் பயம். நான் தரையில் நின்று, கழித்த கிளையைக் கயிற்றில் இறக்குவேன். வேறு இரண்டு பேர் இழுத்து ஒதுக்குவார்கள்.

பனைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் நிற்பவனைக் கீழிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், பார்த்தால் பிடி தவறும். வீட்டில் சாவு விழுந்தால்கூட, சேதி கொண்டுபோனவன் அவன் இறங்கும்வரை தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். ஊரில் அது சரியான வழக்கம்தான். பனையில் ஏறுகிறவன் கண்ணில் படாத ஆபத்து கீழே நிற்பவனுக்கும் தெரியாது. பம்பாய்க்கு வந்த பிறகும் அதை விடவில்லை. வேலை தொடங்கினால் எங்கள் மரத்தடியில் பேச்சே இருக்காது. கூச்சக்காரனான எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒரு வருஷம் மே மாதத்தில், பழைய கட்டடம் ஒன்றின் முன் நின்ற தூங்குமூஞ்சி மரம். அதன் பெரிய கிளை ஒன்று ஓட்டுச் சாய்ப்பின் மேலாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களிடம் கயிறு ஒன்றுதான். முகாதம் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "அண்ணா, ரஸ்ஸி கமர்மே பாந்தோ" என்றார்.

"இடுப்புல கட்டிக்கிட்டு மேய நான் என்ன மாடா?" என்று அத்தான் சிரித்தார். "வேணும்னா எம் மச்சினனக் கட்டிப் போடச் சொல்லுங்க. கீழ நிக்கவனுக்குத்தான் பயம் ஜாஸ்தி."

கட்டடக்காரர் வாசலில் செய்தித்தாளோடு நின்றார். "போன வருஷம் வந்தவா ஓட்டை உடைச்சுட்டுப் போய்ட்டா. இந்தத் தடவை ஒரு ஓடு உடையப்படாது, சொல்லிட்டேன்."

ஆகவே கயிறு கிளைக்குப் போனது. மேலே ஒரு கவட்டில் போட்டு, கிளையின் நடுவில் கட்டி, மறுமுனையை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். அத்தான் அதே கிளையில், மரத்தை ஒட்டி நின்று, தனக்கு முன்னால் ரம்பத்தை வைத்தார். பெரிய கிளையை முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலே அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரத்தில் கிழிந்து மரம்வரை பிளக்கும். பனை மட்டையை மேலிருந்து ஒரே வெட்டில் தள்ளிப் பழகிய அத்தானுக்கு அது தெரியாது. எங்களில் எவருக்கும் அப்போது தெரியாது.

பாதி அறுபடும் முன்பே அவர் காலுக்குக் கீழே, கிளை மரத்தோடு சேரும் இடத்தில், பட்டை விரிந்தது. உள்ளிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. அந்த இடம் உளுத்துப்போயிருந்தது. மேலே நின்றவருக்கு அது தெரிய வழியில்லை. ஓடிப் போய் மரத்தைத் தட்டி உணர்த்தலாம் என்றால் கையில் கயிறு இருந்தது. கூப்பிடக் கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது.

"அத்தான், அடிமரத்துப் பக்கம் வந்திருங்க" என்று கத்தினேன்.

அவர் ரம்பத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கோபமாக அல்ல. நான் பேசியதே ஆச்சரியம் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. ஒரு காலை எடுத்தார். கிளை பிளந்தது. கால் தவறியது முதலிலா, பிளந்தது முதலிலா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பிளந்ததுதான் முதலில் என்று நினைக்கிறேன்.

அவர் கட்டடத்தின் மதில் சுவர்மேல் விழுந்து உள்ளே சரிந்தார். கிளை கயிற்றில் தொங்கி அவருக்கு நேர் மேலே ஆடியது. நான் கயிற்றை விட்டால் அது அவர்மேல் இறங்கும். மற்ற இருவரும் அவரை இழுத்து வெளியே கொண்டுவரும்வரை பிடித்தபடியே நின்றேன். ஓடு ஒன்றும் உடையவில்லை. கைவண்டியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

தாராவியில் அன்று மாலையே பேச்சு பரவியது. குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "மரத்துல நின்ன மனுசன எவனாவது கூப்புடுவானா? வாயே தெறக்காதவன், அன்னைக்குன்னு தெறந்திருக்கான் பாரு." அக்கா அதைச் சொல்லவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. ஒரே அறையில் இருந்தோம். சோறு வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள்.

அடுத்த மே மாதம் முகாதம் வந்தபோது, கயிறு இரண்டு இருந்தால்தான் வருவேன் என்றேன். அவர் முனகிக்கொண்டே வாங்கித் தந்தார். புதிதாக ஏற வந்தவனும் எங்கள் பக்கத்துப் பனைக்காரன்தான். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டான். அதற்குமேல் நான் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நான் கீழ இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். நீ பதில் சொல்லணும். சொல்லலன்னா வேலைய நிறுத்திருவேன்."

"ஏற்கெனவே ஒருத்தரக் கூப்பிட்டு எறக்குனீரு. நான் ரெண்டாவது ஆளா, வே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் நான் விடவில்லை.

அது அக்கா காதுக்கு எப்படியோ போய்விட்டது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல் திரும்பிக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னமும் கூப்புடப் போறியோல?"

"ஆமாக்கா."

"அவிய ஒன்னத் திரும்பிப் பாத்தாவளா?"

"பாத்தாவ."

"ஏதும் சொன்னாவளா?"

"இல்லக்கா. நேரம் இல்ல."

தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "நாளைக்கு ஏறுதவன் வீட்டுலயும் ஒரு பொம்பள இருப்பா. அத நெனச்சுக்கிட்டுக் கூப்புடு" என்றாள். கூப்பிடு என்கிறாளா, கூப்பிட்டுப் பார் என்று மிரட்டுகிறாளா, எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் மரத்தடியில் நின்று, கிளையின் அடிப்பக்கம் முழுவதையும் பார்த்துவிட்டு, அவனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

"என்னவே?" என்று எரிச்சலோடு மேலிருந்து குரல் வந்தது.