கழுத்துப் படம்

அப்பா யாரிடமும் நேருக்கு நேர் பேசமாட்டார். நாற்காலியில் இருப்பவரின் தலைக்குப் பின்னால் நின்று, எதிர்க் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். சலூன்காரர் பழக்கம். வீட்டிலும் அலமாரிக் கண்ணாடிக்குத்தான் பதில் போகும். "கட்டினவ மூஞ்சிய நேரா பாக்க தைரியம் இருக்கா இந்த மனுஷனுக்கு?" என்பாள் அம்மா. அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த அலமாரிப் பக்கம் அவர் போவதில்லை.

அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய். இடக்கை விரல்கள் மரத்துவிட்டன. அவற்றால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்து, வலக்கையால் கத்தியை ஓட்டுகிறார். வலக்கை நன்றாக இருக்கிறது என்கிறார். டாக்டர் சொன்னால் விரலால் மூக்கைத் தொடுவார், கோட்டின் மேல் நடப்பார். முந்தைய நாளே கடையில் ஒத்திகை நடந்திருக்கும்.

"பரீட்சைன்னா படிச்சிட்டுத்தானம்மா போவாங்க?" என்பார் மகளான என்னிடம்.

ஒத்திகை பார்த்த கையை நம்பி மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு செய்ய முடியாது. தண்டுவடத்தைப் படமெடுக்க வேண்டும். புதிய வெள்ளைப் புள்ளி இருந்தால் மருந்து பலிக்கவில்லை. அது வலக்கைக்குப் போகும் வழியில் இருந்தால், கடையும் இல்லை. ஸ்கேன் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. அதனால் பயம் குறையவில்லை. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கருவிக்குள் படுத்தவருக்குப் பயம் வராதிருக்க முகத்துக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடி வைப்பார்கள். வெளியே உள்ளவர்கள் அதில் தெரிவார்கள். அப்பாவுக்கு ஆபரேட்டர் தெரிந்தான். கருவி தடதடக்கும்போதே கத்தினார்:

"தம்பி, உங்க கிருதா ஒரு பக்கம் இறங்கியிருக்கு! எவன் வெட்டினான்?"

கழுத்துப் படம் முழுக்க அலை. மூன்றாம் எலும்பின் உயரத்தில் ஒரு மங்கல். அசைவா, புள்ளியா, சொல்ல முடியவில்லை.

"ஐயா, அசையாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"என் டயலாக்க எனக்கே சொல்றான் பாரு," என்றார் அப்பா. வெளியே வந்து திரையைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அந்த மங்கல் என்னம்மா?"

"திரும்ப எடுத்தாத்தான் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள். இம்முறை அவர் எச்சில்கூட விழுங்கவில்லை. நான் ஆபரேட்டரின் பின்னால் நின்றேன். திரையில் தண்டுவடம் வரி வரியாக, தெளிவாக வந்தது. மங்கல் போயிருந்தது. அந்த இடத்தில், வலப்பக்கம், கூர்மையான விளிம்போடு ஒரு வெள்ளைப் புள்ளி. போன வருடப் படத்தைத் திறந்து பார்த்தேன். அதில் இல்லை.

உடை மாற்றும் அறையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ளிதானா?"

"டாக்டர் வேற மருந்து தருவாருப்பா."

"அப்ப இந்த மருந்து கேக்கல."

கழுத்துப் பித்தான் வலக்கை விரல்களிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. நான் அருகில் போனேன். அப்பா இரு கைகளையும் தொங்கவிட்டு, கண்களை மூடி, தாடையை எனக்கு உயர்த்திக் கொடுத்தார்.