சம்பளக் கம்பனியிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அன்ரன் எங்கள் கணக்கறைக்குள் வந்து, தன்னுடைய போனை என் மேசையில் வைத்தார்.

"அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்துச் சொல்ல என்ன இருக்கிறது? அப்படி ஒரு செய்தி போவதற்கு வழி செய்ததே நான்தான். அவருடைய மனைவி றெஜினாவின் அந்த மாதச் சம்பளம் வங்கியில் போட்டாயிற்று என்று ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தி அது. ஆங்கிலம் தெரியாதவரும் இலக்கத்தை வாசிப்பார். அவரும் வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஓம், றெஜினாவின்ர சம்பளம்தான்" என்றேன்.

"முழுக்க அவளின்ர சம்பளமோ?"

"ஓம்."

"அப்ப இவ்வளவு வருஷமும் எனக்குக் கொண்டுவந்து தந்தது என்ன?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "உங்களுக்கும் தெரியும்தானே அக்கா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு சின்ன நண்டுக் கம்பனியில் பன்னிரண்டு வருடம் கணக்கு வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். அங்கே இங்கே கணக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள் போன் எடுத்து, "அக்கா, எங்கட இடத்துக்கு எந்தப் பே ரோல் சேர்விஸ் நல்லது?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் நோகாமல் ஒருதரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பிழையை உள்ளபடியே வைத்திருக்கிறேன்.

பழுப்புக் கவரும் வெள்ளைக் கவரும்

எங்கள் கம்பனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்து, தரம் பிரித்து, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவோம். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். தொடங்கும்போது எட்டுப் பேர். கடைசியில் இருபத்தாறு பேர்.

சம்பளத்தை நான் கையில் கொடுத்துவந்தேன். நாள் சம்பளம் பழுப்புக் கவரில். ஓவர்ரைமும், நண்டு கூடுதலாகப் பிடிபடுகிற மாதங்களில் கிலோவுக்குக் கொடுக்கிற மேலதிகக் காசும் வெள்ளைக் கவரில். இது கம்பனியின் சட்டம் இல்லை. முதல் வருடம் ஒரு பெண் "அக்கா, ரெண்டாப் பிரிச்சுத் தாங்கோ" என்று கேட்டாள், கொடுத்தேன். அடுத்த மாதம் நாலு பேர் கேட்டார்கள். பிறகு எல்லோருக்கும் இரண்டு கவர் என்றாகிவிட்டது. ஏன் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. பழுப்புக் கவர் வீட்டுக்குப் போகும், வெள்ளைக் கவர் எங்கே போகும் என்பது அவரவர் பாடு.

றெஜினா தன் வெள்ளைக் கவரை வீட்டுக்கே கொண்டுபோவதில்லை. பெயரை எழுதி என்னிடமே தருவாள். என் அலுமாரியின் மேல்தட்டில் பங்குனியிலிருந்து அடுக்கி வைப்பேன். கார்த்திகையில் வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளித்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு வள்ளங்கள் ஒழுங்காக இறங்காது. அந்த நேரம் கரையில் பல வீடுகளில் மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்குவார்கள். வாங்கினால் அடுத்த ஆறு மாதம் பிடிக்கிற மீனெல்லாம் அவர் சொல்கிற விலைக்கு அவருக்கே. அன்ரனும் கலியாணம் கட்டிய புதிதில் அப்படி மாட்டுப்பட்டவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாடைக்கும் றெஜினா அந்தக் கவர்களை எடுத்துப்போய் அரிசி, மா, சீனி வாங்கிப்போடுவாள். கடையில் கடன் சொல்லி வாங்கியதாக வீட்டில் சொல்வாள்.

"அவரிட்டைச் சொன்னா என்ன, றெஜினா? நல்ல மனிசன்தானே" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்ல மனிசன்தான் அக்கா. கையிலை காசு இருக்கெண்டு தெரிஞ்சா இஞ்சின் நினைப்பு வந்திடும். சொந்த வள்ளம் இஞ்சின் இல்லாமல் கரையிலை கிடக்க, மற்றவையின்ர வள்ளத்திலை பங்குக்குப் போறது அவருக்கு ஒரு வெக்கம்" என்றாள்.

மூன்று பேர் சொன்ன விலை

இருபத்தாறு பேருக்குக் கையால் சம்பளக் கணக்குப் போட்டு, ஈ.பி.எஃப், ஈ.ரி.எஃப் என்று தொழிலாளருக்கான நிதிப்பணமெல்லாம் குறித்த நாளுக்குக் கட்டுவது எனக்கு இயலாமல் போனது. இரண்டு மாதம் பிந்திக் கட்டித் தண்டம் வந்தது. முதலாளி உருத்திரபுரத்து ஆள். தகப்பன் காலத்து வயலை விட்டுவிட்டு நண்டில் இறங்கியவர். "அக்கா, உங்களைக் குறை சொல்லேல்லை. இதுக்கெண்டு கம்பனியள் இருக்காம். விசாரியுங்கோ" என்றார்.

விசாரித்தேன். கொழும்பில் ஒரு கம்பனி, எல்லாம் சொஃப்ட்வெயர், ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் நடத்துகிற ஒரு சின்ன ஒஃபிஸ், கட்டணம் அதைவிட ஒன்றரை மடங்கு. கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், எக்செலில் செய்து தருவேன் என்றார், ஆனால் காய்ச்சல் வருத்தம் என்று படுத்தால் மாற்றாள் இல்லை. நான் ஒரு தாளில் கோடு போட்டு எழுதினேன். கட்டணம், ஈ.பி.எஃப் கோவை யார் அனுப்புவது, பே சிலிப் தமிழில் வருமா, பிழை வந்தால் யாருக்குப் போன் எடுப்பது. இன்றைக்கும் அது நல்ல பட்டியல்தான். நீங்களும் அப்படி ஒன்று போடுங்கள்.

முதலாளி பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்தார். கொழும்பு என்று முடிவாகியது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. விளங்கப்படுத்த வந்த தம்பி, "சம்பளம் விழுந்த உடனே மெசேஜ் போயிடும் அன்ரி, ஒருத்தரும் உங்களை வந்து கேக்க மாட்டினம்" என்றபோது மனதுக்குள் துள்ளிக் குதித்தேன்.

ஒரு பின்னேரத்தில் நிரப்பிய படிவம்

ஒவ்வொருவருக்கும் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, போன் இலக்கம் கேட்டிருந்தார்கள். வங்கிப் புத்தகத்தின் பிரதிகளைப் பெண்கள் கொண்டுவந்து தந்தார்கள். அநேகம் பேருடையது வீட்டுத்திட்டக் காசு வந்த காலத்தில் புருஷனும் மனைவியுமாகச் சேர்ந்து திறந்த கூட்டுக் கணக்கு. வேறு கணக்கு அவர்களிடம் இல்லை. போன் இலக்கம் என்னிடமே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில், கையைக் கிழித்துக்கொண்டால் வீட்டில் யாருக்கு அறிவிப்பது என்று கேட்டு எழுதி வைத்த இலக்கங்கள். அதை அப்படியே பார்த்து எழுதினேன். இருபத்தாறு பேரையும் ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டேன் என்று முதலாளியிடம் பெருமையும் அடித்தேன்.

விபத்து நடந்தால் கூப்பிட வேண்டிய ஆளுக்குச் சம்பளத்தை அறிவிக்கிறேன் என்பது என் மண்டையில் ஏறவில்லை. இரண்டு கவர் ஒரு கணக்காகப் போகிறது என்பதும் ஏறவில்லை. வருடக்கணக்காக ஒவ்வொரு மாதமும் என் கையாலேயே பிரித்துப் போட்டதை ஒரு பின்னேரத்தில் மறந்துபோனேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்ரன் வந்துபோனதற்கு அடுத்த திங்கட்கிழமை றெஜினா வேலைக்கு வந்தாள். முகம் வீங்கி இருந்தது, அழுத வீக்கம்தான். அலுமாரியில் கிடந்த ஐந்து கவரையும் கேட்டாள்.

"றெஜினா, வாடை வரப்போகுது" என்றேன்.

"என்னைக் கள்ளி எண்டு நினைக்கிறார் அக்கா. இதையும் வச்சிருந்தா உண்மையிலையே கள்ளிதான். தாங்கோ."

எண்ணிக் கொடுத்தேன். அந்தக் காசு ஒரு இஞ்சினுக்கு முதல் தவணையாகப் போனது.

முதலாளியிடம் சொன்னபோது, "அது அவையின்ர குடும்பப் பிரச்சினை அக்கா. நாங்கள் ஏன் தலையைப் போடுவான்?" என்றார்.

"தலையைப் போட்டதே நாங்கள்தான் தம்பி" என்றேன். முதலாளி ஆயிற்றே என்று பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு கோபம், பாதி என்மேல்.

இரண்டாவது தெரிவு

கொழும்புக் கம்பனிமேல் பழி இல்லை. போன் எடுத்துச் சொன்னதும் இலக்கங்களை நீக்கித் தந்தார்கள். ஆனால் ஒருவருடைய சம்பளத்தை இரண்டு கணக்கில் பிரித்துப்போட அவர்களிடம் வழியில்லை. வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததும் யாழ்ப்பாணத்து ஒஃபிசைக் கூப்பிட்டேன். இந்த முறை கட்டணத்தைக் கடைசியாகத்தான் கேட்டேன்.

"ஒருத்தருக்கு ரெண்டு கணக்கிலை போடுவீங்களோ? மெசேஜ் யாருக்கு எண்டதை ஒவ்வொருத்தருக்கும் வேற வேறயா வைக்கலாமோ? வேண்டாம் எண்டவைக்கு அனுப்பாமல் விடலாமோ?"

"எல்லாம் செய்யலாம் அக்கா. ஆனா இதை ஒருத்தரும் கேக்கிறதில்லை" என்றார் அங்கே பேசிய பிள்ளை.

கட்டணக் கூடுதலுக்கு முதலாளி முணுமுணுத்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். கணக்கறைக் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். பதினொரு பேர் வேறு இலக்கம் தந்தார்கள். சகோதரியுடையது, மகளுடையது, ஒளித்து வைத்திருக்கிற சொந்த போனுடையது. நாலு பேர் மெசேஜே வேண்டாம் என்றார்கள். ஒருத்தி, "அவருக்கே போகட்டும் அக்கா. சம்பளம் வந்த அண்டைக்காவது கிணத்திலை தண்ணி அள்ளித் தருவார்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

றெஜினா மட்டும், "எனக்கு முந்தி இருந்தபடியே அவருக்கே மெசேஜ் போகட்டும், ஒரே கணக்கிலை விழட்டும். ஒளிக்க இனி என்ன கிடக்கு?" என்றாள்.

அந்த வாடை அவர்களுக்கு மோசமாக இருந்தது. இஞ்சின் தவணை நிற்கவில்லை, கடல் விடவில்லை. மார்கழியில் அன்ரன் மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்கினார். புது இஞ்சின் பூட்டிய சொந்த வள்ளத்தில் போய்ப் பிடிக்கிற மீனை இன்னொருவர் சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் அந்த ஒரு படிவத்தைக் கவனமாக நிரப்பியிருந்தால் இது நடந்திராது.

மாசி மாதம் வந்தவர்

மாசி மாதம் ஒரு மத்தியானம், பெண்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அன்ரன் வந்தார். இந்த முறை கதிரையில் இருந்தார்.

"அக்கா, அவவின்ர ஓவர்ரைம் காசை வேற புத்தகத்திலை போடலாம் எண்டு கேள்விப்பட்டன். அப்பிடிப் போட்டுவிடுங்கோ. எனக்கு மெசேஜும் வர வேண்டாம்."

"ஏன்?"

"தெரிஞ்சா நான் கேட்டுப்போடுவன். கேட்டா அவா தந்துபோடுவா."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவருடைய சொல்லுக்கே படிவத்தை மாற்றிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் இந்த முறை அவசரப்படவில்லை.

"நீங்கள் சொல்லி நான் மாத்தேலாது அன்ரன். அது அவவின்ர சம்பளம். அவாதான் சொல்ல வேணும்."

"அப்ப நான் வந்தனான் எண்டு சொல்லாதேங்கோ" என்றுவிட்டு எழுந்தார்.

அடுத்த கிழமை இருபத்தாறு பேருக்கும் மறுபடி படிவம் கொடுத்தேன். இரண்டாவது கணக்குக்கான இடத்தை ஒவ்வொருவருக்கும் காட்டி விளங்கப்படுத்தினேன். றெஜினா படிவத்தை இரண்டு நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் தன் பெயரில் மட்டும் திறந்த புதுப் புத்தகத்தோடு வந்தாள்.

"என்னக்கா, இப்பதானே கேட்டனீங்கள்? திரும்பவும் ஏன் படிவம்?"

"அடிக்கடி கேக்கிறதுதான் முறை" என்றேன். அன்றுவரை அப்படி ஒரு முறை இருக்கவில்லை. அன்றிலிருந்து நான் வேலையை விடும்வரை இருந்தது.

எந்தச் சேர்விஸ் நல்லது என்று கேட்கிற பிள்ளைகளே, கட்டணத்தைக் கேளுங்கள், ஈ.பி.எஃப் நாளுக்குப் போகுமா என்று கேளுங்கள், எல்லாம் தேவைதான். ஆனால் கம்பனியைத் தெரிவு செய்ய முன்னம், சம்பளம் எடுக்கிற ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, காசு எங்கே போக வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் அந்த வேலையை எந்தக் கம்பனியும் செய்து தராது.