காந்தலூரில் பிறந்த ஜெர்மானியர்

பாண்டிக்குப் பெயர் வைத்தது அவன் அப்பா அம்மா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் வைத்தது ரேஷன் கார்டுக்கு. உண்மையான பெயரை வைத்தது காது கேளாதோர் பள்ளியின் விடுதி. காந்தலூரிலிருந்து அவன் வந்து இறங்கிய அன்று, தகரப் பெட்டியில் துணிக்கு மேலே ஒரு பை மலைப்பூண்டு இருந்தது. வாசம் விடுதியை விட்டுப் போகவே இல்லையாம். பெருவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துப் பூண்டு உரிப்பதுபோல் ஒரு சைகை, கூடவே மூக்கில் ஒரு சுளிப்பு. பெயர்சூட்டு விழா அத்துடன் முடிந்தது.

பெயர் விஷயத்தில் காது கேளாதவர்கள் அரசாங்கத்தைவிடக் கறார். கெஜட்டில் விளம்பரம் கொடுத்து மாற்ற முடியாது. தனக்குத்தானே வைத்துக்கொள்ளவும் முடியாது. அவர்களில் ஒருவர் வைக்க வேண்டும், மற்றவர்கள் திருப்பிச் செய்ய வேண்டும். செய்துவிட்டால் சுடுகாடு வரைக்கும் அதுதான். முகமும் பெயரோடு சேர்த்தி. மூக்கைச் சுளிக்காமல் உரித்தால் அது பாண்டி இல்லை, வெறும் சமையல். எனக்கும் ஒரு பெயர் உண்டு. வாய்க்கு முன்னால் கை ஓயாமல் திறந்து மூடும். காது கேட்பவளாகப் பிறந்து, இவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் ஆனதற்கு இந்தச் சிவசங்கரிக்குக் கிடைத்த மரியாதை அது.

என் தங்கை மௌனிகாவுக்கும் காது கேட்காது. மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டியில் பால் அளக்கிறாள். பாண்டி மலையிறங்கி வந்து எங்கள் ஊர் மாட்டுத்தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இருவருக்கும் எப்போது பிடித்துப்போனது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு மாடுகள் திடீரென்று நிறையத் தின்ன ஆரம்பித்தன, அதை மட்டும் கவனித்தேன்.

பாண்டி கல்யாணப் பேச்சை எடுத்தபோது மௌனிகா கைகளால் தெளிவாகச் சொல்லிவிட்டாள். “உன்னைப் பிடித்திருக்கிறது. உன் பெயரைப் பிடிக்கவில்லை. போகிற இடமெல்லாம் ‘பூண்டின் மனைவி’ என்று மூக்கைச் சுளிப்பார்கள். நான் வரமாட்டேன். வேறு பெயரோடு வா.”

அவள் பெயர் கன்னக்குழி. கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் திருகினால் போதும். அழகான பெயர் வாய்த்தவர்களுக்கு அடுத்தவர் பெயர்மீது எப்போதும் ஒரு கண் உண்டு. எங்கள் அம்மா சின்னத்தாயிக்கு மட்டும் இந்த வழக்கு கடைசிவரை புரியவில்லை.

“ஏங் கண்ணு, பூண்டுன்னா என்ன கேடு? ரசத்துக்குப் போடறதுதான?” என்று என்னிடம் கேட்டாள். நான் அதை மௌனிகாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் அன்று ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை.

பாண்டிக்கு வழி காட்டியது தத்துவம். சிரிக்காதீர்கள், தத்துவத்தால் உருப்படியாக ஏதாவது நடந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பள்ளிப்படிப்பை விட்ட காது கேளாதவர்களுக்காக எங்கள் ஊர் வாயனசாலை என்கிற நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும், கையால் சொல்லித்தருவது நான். பாண்டியும் மௌனிகாவும் வருவார்கள். பாடத்தில் சிந்தனையாளர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் விரலால் எழுத்தெழுத்தாகக் காட்டினால் பேர் முடிவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஆகவே சைகைப் பெயர் தேவைப்பட்டது. படத்தைப் பார்த்தார்கள், வைத்தார்கள். மார்க்ஸுக்குத் தாடி. டார்வினுக்கும் தாடி. தாகூருக்கும் தாடி என்றதும் சண்டை வந்து, தாடியின் நீளம் பார்த்துப் பிரித்துக்கொடுத்தார்கள். பிளேட்டோவுக்குச் சாப்பாட்டுத் தட்டு, காரணம் கேட்க வேண்டாம். சாக்ரடீஸுக்கு விஷக் கோப்பை. அவசரத்தில் காட்டினால் டீ குடிக்கக் கூப்பிடுவதுபோல் இருக்கும். ஆயுள் முழுக்க யோசித்துத் தள்ளியவர்களுக்கு உலகம் விட்டுவைத்தது தாடியும் தட்டும்தான்.

கடைசியாக ஒரு ஜெர்மானியர் வந்தார். அவர் பெயரைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நான் பலகையில் ‘காந்த்’ என்று எழுதித் தொலைத்தேன்.

முன்வரிசையிலிருந்த கோகுல்நாத் உடனே எழுந்தான். “காந்தலூர்க்காரரா?”

எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்த ஒரே காந்தலூர் பாண்டிதான். அதனால் காந்தலூர் என்றாலும் பூண்டுதான் உரிப்பார்கள். நான் மறுப்பதற்குள் பாண்டி துள்ளி எழுந்தான். “ஆமாம், எங்கள் ஊர்தான்! பெரிய மனிதர்! என் பெயரை அவருக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு வேறு வையுங்கள்.” அவன் கண்ணில் அப்படி ஒரு தியாகம்.

கூட்டம் யோசித்தது. பூண்டைக் காந்துக்குக் கொடுத்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உரித்தால் காந்த், மூக்கைச் சுளித்து உரித்தால் பாண்டி என்று தீர்ப்பும் சொன்னது. பாண்டிக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை, பெயரில் ஒரு பங்காளி கிடைத்தார். மௌனிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அன்று அவள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது.

அடுத்த மாதம் காந்தைப் பற்றிப் பேச ரத்தினசாமி சார் வந்தார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தென்னந்தோப்புக்காரர். மைக் கிடைத்தால் கீழே வைக்கமாட்டார். மண்டபம் நிறையக் காது கேளாதவர்கள் வந்திருந்தார்கள். காது கேட்பவர்கள் அவரை முன்பே கேட்டிருந்ததால் வரவில்லை.

அவர் வேகத்துக்கு என் கைகள் ஈடுகொடுத்தன. என் முகம் ஈடுகொடுக்கவில்லை. நெற்றி சுருங்க வேண்டிய இடத்தில் மூக்கு சுளிந்தது, மூக்கு சும்மா இருக்க வேண்டிய இடத்திலும் சுளிந்தது. பின்வரிசைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே பாண்டி தினமும் ஒரே நேரத்தில் நடைபோனான். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று பாண்டி கண்டுபிடித்தான். ஆட்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பாண்டியும் முதலில் சிரித்தான்.

ரத்தினசாமி சார் பூரித்துப்போனார். “இன்னொண்ணு கேட்டுக்கோங்க. இத்தன பெரிய மனுசன், கடைசி வரைக்கும் கண்ணாலமே கட்டலீங்க! அவரக் கட்டிக்க ஆருக்கும் குடுத்து வெக்கலீங்க!”

சொன்னதைச் சொல்வதுதான் என் தொழில். சொன்னேன். பூண்டை யாரும் கட்டிக்கொள்ளவில்லை.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பாண்டியைப் பார்த்தார்கள், பிறகு மௌனிகாவைப் பார்த்தார்கள். பாண்டியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தான். என் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

மௌனிகா மேடைக்கு வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். கூட்டத்தைப் பார்த்து, “எந்தப் பூண்டு?” என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. அவள் நெற்றியை நன்றாகச் சுருக்கி உரித்தாள். “இவர் ஜெர்மனி. கல்யாணம் வேண்டாம் என்றவர். அது அவர் பாடு.”

பிறகு மறுபடி உரித்தாள். மூக்கு அசையவில்லை. உரித்த அதே விரலைத் தன் கன்னக்குழியில் வைத்துத் திருகினாள். “இவர் காந்தலூர். இவருக்கு ஆவணியில் கல்யாணம்.”

கோகுல்நாத் அதைத் திருப்பிச் செய்தான். அவன் பக்கத்திலிருந்தவர் செய்தார். வரிசை வரிசையாகப் பூண்டு உரித்துக் கன்னத்தைத் தொட்டார்கள். வாசலில் நின்ற ஒருவர் பாண்டியின் தோளைத் தட்டித் திரும்பிப் பார்க்கச் சொன்னார்.

ரத்தினசாமி சார் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “ஏனம்மா, காந்தப் பத்தி எதாச்சும் சந்தேகமா?”

“இருந்துச்சுங்க சார். தீந்துருச்சுங்க.”

பாண்டி வாசலில் நின்றபடியே தன் புதுப் பெயரை ஒருமுறை செய்து பார்த்தான். உரித்தான், விரலைக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். குழி இல்லாத கன்னத்தில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.