பத்து புள்ளி நான்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஷிப்ட் முடிகிற நேரத்தில், கம்பெனி பஸ் வாசலில் வந்து நின்றுவிட்டால், யார் மேலாவது எரிந்து விழுவேன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. பத்துத் தகடுகளை அடுக்கி ஒரு தண்டில் மாட்டுவோம். அடுக்கின் மொத்தத் தடிமன் பத்து புள்ளி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அன்று தகடுகளை அளந்த பெண் பென்னலூர்க்காரர், காண்டிராக்ட் ஆள். மாதக் கடைசியில் அவரை நீட்டிப்பதா வேண்டாமா என்பதற்கு நான்தான் குறிப்பு எழுத வேண்டும். அவர் மொத்தம் 10.4 என்று எழுதி, தேறாது என்று அடுக்கில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்.

“இன்னாம்மா இது? ஒரு தகடு ஒரு மில்லி. பத்து தகடு பத்து மில்லி. நாலு எங்கேர்ந்து முளைச்சுது?”

“ஒவ்வொண்ணும் ஒண்ணு புள்ளி சைபர் நாலு கீது சார். எல்லாத்தையும் கூட்டி, கடைசிலதான் ரவுண்ட் பண்ணேன்.”

படிவத்தில் கட்டம் சின்னது, புள்ளிக்குப் பின் ஓர் எண்தான் கொள்ளும். அதனால் ஒவ்வொரு தகட்டையும் முதலிலேயே 1.0 ஆக்கிவிட்டுக் கூட்டுவது எங்கள் பழக்கம். பத்து முறை வெட்டிய துணுக்கு சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அவருடைய 10.4-ஐ அடித்து 10.0 என்று எழுதினேன். “கூட்டத் தெரியாதவங்கள எல்லாம் லைன்ல வுட்டா இப்படித்தான்” என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். குறிப்பிலும் ‘கணக்கு வராது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அந்தச் சரக்கு திரும்பி வந்தது. தண்டு சுற்றாமல் இறுகிக்கொண்டதாம். நானே அளந்து கூட்டினேன், பத்து புள்ளி நான்கு. அவருடைய காண்டிராக்ட் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. நானோ சூப்பர்வைசரிடம் போய், அளவுக் கருவியில் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. அவரை நீட்டிக்கவில்லை.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், உள்ளே அவர். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். வேறு கம்பெனியில் பேக்கிங் வேலை என்றார்.

“அளக்குற வேலதான் குடுத்தாங்க சார். நான்தான் வேணாம்னுட்டேன். நமக்குத்தான் கணக்கு வராதே.”

குத்திக்காட்டவில்லை, நம்பித்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரகடம் வரும்வரை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“அன்னிக்கு உங்க கணக்குதாம்மா சரி. தப்பு என்னுது. ஒரு வாரத்துல எனக்கே தெரிஞ்சுபோச்சு.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“திட்டும்போது லைன்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி திட்டுனீங்க,” என்றார். “இத மட்டும் ஆட்டோல சொல்றீங்களே சார்.”