தவளைக்குப் போட்ட எண்

ஆற்றோர நடைக்கு வழிகாட்டியாகச் சேருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அங்கே பாம்பு இருக்குமா என்றுதான். இருக்கும். ஆனால் நான் பயந்து நின்றது பாம்பைப் பார்த்தல்ல. நானே நட்டு வைத்த மூங்கில் குச்சிகளால். நீங்களும் அதே குச்சிகளைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

1. மழைக்கு முந்தின மாலை

நான் மும்பை செம்பூர்ப் பெண். கல்லூரி முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். ஞாயிறு காலைகளில் தாராவிக்குப் பின்னால், மித்தி ஆற்றை ஒட்டி மரங்கள் வளர்ந்திருக்கும், வேலியடைத்த பகுதிக்கு ஆட்களைக் கூட்டிப் போய் நீர்க்காகம், வக்கா, மீன்கொத்தி எல்லாம் காட்டுவேன். ஆறு நாறும். வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று நீல முதுகைக் காட்டிக் குறுக்கே பறந்தால், மூக்கைப் பொத்தியிருந்த கைகள் தானாக இறங்கிவிடும். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

மழை தொடங்கினால் தவளைக் கணக்கு. ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, மூலைக்கு ஒரு குச்சி நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, குச்சியில் எண் எழுதவேண்டும். எங்கள் பேச்சில் அது குவாட்ரட். அதற்குள் தென்படுகிற தவளைகளை மழைக்காலம் முழுக்க எண்ணுவோம். முதல் மழைக்கு ஆண் பெருந்தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறிக் கத்தும். அந்தச் சில நாட்களை விட்டால் அடுத்த வருடம்தான்.

எங்கள் பொறுப்பாளர் கணேஷ் சார் மாட்டுங்காக்காரர். "வேலிக்கு அந்தண்ட ஒரு குட்டை இருக்கும்மா, பிரமாதமா இருக்கும். அங்கயும் குவாட்ரட் போட்டுடு," என்றார். அந்தக் குட்டை தாராவி வீடுகளின் பின்சுவரை ஒட்டி இருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் ஓட்டமாக ஓடி நட்டேன். பின்பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. சந்தோஷமாக ரயிலேறினேன்.

2. ஏழாம் நம்பர்

மறுநாள் காலை மழை கொட்டி ஓய்ந்திருந்தது. தவளைச் சத்தத்தைத் தேடிப் போனவளுக்கு ஆள் சத்தம்தான் கேட்டது. குட்டையைச் சுற்றிச் சந்து ஆட்கள் எல்லாரும் திரண்டு நின்றார்கள். என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததும் சத்தம் நின்றது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தேன். பின்னாலும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"போல்னா, கௌன் பேஜா?" என்றான் ஒரு பையன். தையல் பட்டறை வைத்திருக்கும் முத்துராஜ் என் பை வாரைப் பிடித்துக்கொண்டு அதையே தமிழில் கேட்டார். "யாரு அனுப்புனா ஒன்ன? பில்டரா?"

"தவளை எண்ண வந்தேன் அண்ணே."

கூட்டம் சிரித்தது.

"தவளைக்கு எவளாவது நம்பர் போடுவாளா? ஆதார் கார்டும் எடுத்துக் குடுப்பியோ?"

பழைய வீடுகளை இடித்துவிட்டு பில்டர் அடுக்குமாடி கட்டப்போகிறார் என்று, சர்வே ஆட்கள் தாராவியில் சந்து சந்தாக வந்து கதவுகளில் எண் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. எந்த எண்ணுக்குப் புது வீடு கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று ஒருவருக்கும் தெரியாது. சிவப்பு ரிப்பன் கட்டி நான் எண் போட்ட குச்சிகளை அவர்கள் விடிந்ததும் பார்த்திருக்கிறார்கள்.

கடைசி வீட்டு செல்லக்கனி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இட்லி வியாபாரம். கையில் மாவு காயாமல் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "ஏழாம் நம்பர் எங்க செவுத்த ஒட்டி நிக்கி. ஏழுன்னா வீடு உண்டா, இல்லியா? அத மட்டும் சொல்லு பிள்ள."

"அது சதுரத்தோட மூலை அக்கா. வேற ஒண்ணுமில்ல."

"மூலையில தூக்கிப் போடப்போறியளா எங்கள?"

கணேஷ் சாரைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். அவரோ, "குச்சிய மட்டும் எடுத்துடாதம்மா. மழை வந்தாச்சு, ஒரு வருஷம் போயிடும்," என்றார்.

"கேட்டீங்களா, எடுக்கக் கூடாதாம்," என்றது ஒரு குரல். வட்டம் இன்னும் நெருங்கியது. யாரோ என் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். என் பை வாரை முத்துராஜ் இன்னும் விடவில்லை.

பையைக் கழற்றி அவர் கையிலேயே விட்டுவிட்டு, சேற்றில் உட்கார்ந்து ஏழாம் குச்சியைப் பிடுங்கினேன். சேறு பிடித்துக்கொண்டதில் முதலில் வரவில்லை. பிறகு எட்டு, ஆறு, கையில் பட்டது எல்லாம். கடைசிக் குச்சியைச் செல்லக்கனி அக்காவே பிடுங்கி, ரிப்பனைச் சுருட்டி என் பையில் வைத்தார்.

அப்போது குட்டையின் அந்தக் கோடியில் ஒன்று கத்தியது. நல்ல மஞ்சள்.

"அதா?"

"அதுதான் அக்கா."

"அதுக்கு எதுக்கு நம்பரு? எங்க அடுப்படி சன்னல்ல நின்னாலே தெரியுமே."

3. கதவு

அந்த மழைக்காலம் முழுக்க இட்லி ஆவிக்கு நடுவில் நின்று அந்தச் சன்னல் வழியாகவே தவளை பார்த்தேன். "இது டேட்டா இல்லம்மா," என்றார் கணேஷ் சார். இல்லைதான். ஆனால் இப்போது எந்தச் சந்துக்குப் போனாலும் முதலில் நான் யார் என்று சொல்கிறேன். பைனாகுலரை அவர்கள் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அப்புறம்தான் பறவை, தவளை எல்லாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதனால் அவர்கள் பயம் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மழை விட்டதும் ஒரு நாள் அக்கா போன் செய்து, "வந்துட்டுப் போ," என்றார். போனேன். அவர் கதவில் நீலப் பெயின்டில் ஓர் எண், நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. எழுதிய சர்வே ஆட்கள் அடுத்த சந்துக்குப் போயிருந்தார்கள்.

"ஏ பிள்ள, இது எந்தத் தவளைக்கு?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. படித்தவள், சொல்லிவிடுவாள் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியவில்லை. எண்ணைத் தொட்டுப் பார்த்தேன். குச்சியாக இருந்தால் பிடுங்கியிருப்பேன். பெயின்ட் காய்ந்துவிட்டிருந்தது.