‘எங்கே’ அட்டையைப் பிடித்தவர்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, வகுப்புக்கு வருகிறவர் சீக்கிரமே வராமல் போக வேண்டும் என்று பாடுபடும் தொழில். பல் வைத்தியரும் ஏறக்குறைய எங்கள் ஜாதிதான். ஆனால் அவருக்கு இன்னொரு பல்லாவது மிச்சமிருக்கும். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் இருப்பது மலேசியாவில், கோல சிலாங்கூரில். ஞாயிறு காலை வகுப்பு புக்கிட் செந்தோசாவில், ஒரு கடைவீட்டு மாடியில். வருகிறவர்கள் ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், லோரி ஓட்டுகிறவர்கள். இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பெரட்டு

வாக்கியத்தின் உறுப்புகளைப் பலகையில் எழுதிப் பார்த்தேன். தூங்கினார்கள். வாரம் முழுக்க வேலை பார்த்த உடம்பு, எழுவாயாவது பயனிலையாவது. ஆகவே எழுப்பி நிற்கவைத்தேன். ஆளுக்கொரு அட்டை: ‘யார்’, ‘என்ன செய்தார்’, ‘எதை’, ‘எங்கே’, ‘எப்போது’. தமிழில் செய்கிற சொல் பொறுமையாகக் கடைசியில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அது முந்திக்கொண்டு ‘யாரு’க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஒருமுறை நடந்து பார்த்தால் கால் மறக்காது என்பது என் கொள்கை. 

பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே விடியற்காலையில் மண்டோர் எனும் கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். லோரி ஓட்டும் அந்தோணி வரிசையில் நின்றதுமே கையைக் கட்டிக்கொண்டு, “மண்டோரே, இன்னிக்கி எனக்கு எந்த நெரையில பால்மரம் வெட்டு?” என்றார். அன்றிலிருந்து என் இலக்கண வகுப்புக்குப் பெரட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வரிசையில் ‘யார்’ அட்டையும் ‘எதை’ அட்டையும் இடம் மாறினால் குட்டிச்சுவர். நாய் மனிதனைக் கடித்ததா, மனிதன் நாயைக் கடித்தானா என்ற குழப்பம் வந்துவிடும். ‘எப்போது’, ‘எங்கே’ இரண்டும் மட்டும் கடைசியிலும் நிற்கலாம், எல்லாருக்கும் முன்னால் வந்தும் நிற்கலாம். எல்லா வாக்கியத்தையும் ‘நான்’, ‘நான்’ என்று தொடங்கி எழுதுகிறவர்களுக்கு நான் தரும் மருந்து அதுதான். இதைச் சொல்லி முடித்தபோது தவமலர் தன் கையிலிருந்த ‘யார்’ அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு ‘எங்கே’யை எடுத்துக்கொண்டார். கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருப்பவர், நாற்பதைத் தாண்டியவர், வகுப்பில் அதிகம் பேசாதவர். 

“எங்க வேணும்னாலும் நிக்கலாம்னா எனக்கு இதையே குடுத்துருங்க சார். கம்பெனியில ஒரே எடத்துல நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு.”

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

தவமலர் ஒரு காரியமாகத்தான் வந்திருந்தார். அவருடைய கம்பெனி பினாங்கில் புதிய ஆலை திறக்கப்போகிறது. அங்கே மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்காணல் ஆங்கிலத்தில். முன்பு ஒருமுறை இதேபோல ஒரு நேர்காணலுக்குப் போய், வாயே திறக்காமல் திரும்பி வந்திருக்கிறார். இப்போது இருப்பது தம்பி வீட்டில், தம்பி பிள்ளைகளோடு ஒரே அறையில். பினாங்கு கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, தனியாக ஓர் அறை எடுத்துக் கதவை உள்பக்கமாகத் தானே பூட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

பயிற்சி நேர்காணல் நடத்தினேன். மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டு, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தோணி தன் அப்பா வேலை செய்த தோட்டம், எந்த லயத்து வீடு, அப்போது கணக்கெழுதிய கிராணி எவ்வளவு கெட்டவர், ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, பனை போய் வீடுகள் வந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் பெயர் மட்டும் வரவில்லை. நம் ஆட்களிடம் நீ யார் என்று கேட்டால், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் பதில் வரும். எழுதும்போது ‘நான்’ இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாதவர்கள், வாயைத் திறந்தால் ‘நான்’ என்று சொல்லக் கூசுகிறார்கள். 

தவமலரும் அப்பாவில் தொடங்கினார். காலமான அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மூத்தவனின் படிப்பு என்று வந்து நின்றார். இதில் நீங்கள் எங்கே என்றேன். 

“நான்தான் சார் அத்தன பேருக்கும் சோறாக்கி வெச்சிட்டு இங்க வந்து ஒக்காந்திருக்கேன்.”

கம்போங் குவாந்தான்

ஓர் இரவு, ஆற்றோரத்து மின்மினி பார்க்க எல்லாரும் என் ஊர்ப்பக்கம் வந்தார்கள். படகுத்துறையிலேயே நிபந்தனை போட்டேன்: இறங்கியதும் ஆளுக்கொரு ஆங்கில வாக்கியம் சொல்ல வேண்டும், ‘நான்’, ‘நாங்கள்’ என்று தொடங்கக் கூடாது. “சார், இது பூச்சி பாக்குற படகா, சோதனை மண்டபமா லா?” என்றார் அந்தோணி. படகுக்காரர் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார். தவமலர் எனக்கு முன்வரிசையில் இருந்தார். மின்மினிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே அன்று அவற்றைப் பார்க்கவில்லை.

கரையேறியதும் ஆளாளுக்கு மரம், விளக்கு, கொசு என்று ஏதேதோ சொன்னார்கள். எல்லாவற்றையும் திருத்தினேன். தவமலர் கடைசியில் வந்தார். ‘எங்கே’யைத் தூக்கி முன்னால் நிறுத்திச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கைவைக்க இடம் கிடைக்கவில்லை. கல்யாண அழைப்பிதழைக் கொடுக்க வந்தவரை உட்காரவைத்துப் பிழை திருத்தி அனுப்பியவன் நான்.

“ஹியர், நோபடி கால்ஸ் மீ. சரியா சார்? இங்க யாருமே என்னயக் கூப்பிடல.”

பக்கத்து அறை

பக்கத்து அறையில் பத்மா டீச்சர் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். எந்தக் கணக்கையும் இரண்டே வரியில் முடிப்பவர். நான் வகுப்புக்கு வெகுமுன்னாலேயே வந்து நாற்காலிகளை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு ஞாயிறு கீழே கடையில் தே தாரே குடிக்கும்போது, “காரெல்லாம் கழுவியிருக்கீங்க, இன்னிக்கி மழ பெய்யும் போல” என்றார். காரில் சேறு இருந்தது என்றேன். சேறு போன வருஷமும் இருந்தது என்றார்.

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லாததால் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே கணக்கைப் போட்டுக் காட்டினார்.

“நல்லா சொல்லிக்குடுத்தா தவமலரு பினாங்கு போயிடும். மட்டமா சொல்லிக்குடுத்தா இங்கயே கெடக்கும், ஆனா ஒங்க மூஞ்சியில முழிக்காது. எப்படிப் பாத்தாலும் ஒங்களுக்கு சைபர்தான் சார்.”

பந்தியில் வந்த அழைப்பு

நல்லபடியாகவே சொல்லிக்கொடுத்தேன். வேறு மாதிரி சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. அதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நேர்காணல் நடந்த நாளில் நான் சுங்கை பெசாரில், தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தவமலர் அழைத்தார். சாப்பாடு எப்படி இருந்தது என்று தங்கை பிறகு கேட்டாள். இலையில் என்ன இருந்தது என்றே எனக்கு நினைவில்லை.

“அந்த மேடம் ஒங்கள மாதிரியேதான் சார் கேட்டாங்க. எங்கப்பா தோட்டம் வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்போ நீங்க அட்டையத் தூக்கிட்டு நிக்கிற மாதிரியே தெரிஞ்சுச்சு. ‘யாரு’ன்னு போட்ட அட்டைய நானே எடுத்துக்கிட்டேன். வேல கெடச்சிருச்சு சார்!”

கடைசி ஞாயிறு

தவமலர் எல்லாருக்கும் நெய்யுருண்டை கொண்டுவந்தார். நான் ஒரு வாக்கியம் கொண்டுவந்தேன். கோல சிலாங்கூரிலிருந்து வரும் வழியெல்லாம் அதைப் பல வரிசைகளில் அடுக்கிப் பார்த்திருந்தேன். ‘நான்’ முதலில் வந்தால் துணிச்சலாக இருந்தது, ‘நீங்கள்’ முதலில் வந்தால் கெஞ்சுவதுபோல இருந்தது. ஆங்கிலத்தில் சொல்வது ஆபத்து; இரண்டாவது சொல்லிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். தமிழில் ஒரு வசதி. சொல்ல வந்தது கடைசியில்தான் வரும் என்பதால், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கடைசிச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்பு முடிந்து எல்லாரும் படியிறங்கிய பிறகு அவர் மட்டும் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “தவமலர், நீங்கள் பினாங்குக்குப் போவது எனக்கு…” என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “…மிகவும் மகிழ்ச்சி” என்றேன். அவர் அட்டைகளைக் கீழே வைக்கவில்லை. நகரவும் இல்லை. 

“வாக்கியம் முடிஞ்சிருச்சா சார்?”

காலி அட்டை

முடிந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

அடுத்த பெரட்டில் ‘எங்கே’ அட்டையை யாரும் எடுக்கவில்லை. யாரும் சொல்லிவைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மேசைமேல் அது பாட்டுக்குக் கிடந்தது. அது இல்லாமலும் வாக்கியம் நிற்கும், இலக்கணப்படி குறை ஒன்றுமில்லை என்று விளக்கினேன். “நிக்குது சார், யாரு இல்லேன்னது?” என்ற அந்தோணி என் முகத்தைப் பார்த்தார். அட்டையை நானே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை தவமலரின் குரல்பதிவு வந்திருந்தது. ஓர் அறையின் கதவு சாத்தப்படும் சத்தம், தாழ்ப்பாள் விழும் சத்தம், பிறகு அவர் குரல்.

“கேட்டுச்சா சார்? நானே பூட்டினது. இங்க காலையில லைன்ல நிக்க வெச்சிப் பேரு கூப்பிடுறது நான்தான், இங்கிலீசுல. ஞாயித்துக்கெழம காலையில மட்டும் எங்க போயி நிக்கிறதுன்னு தெரியல.”

எந்தச் சொல்லை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளி, கடைசியிலும் சொல்லாமல் விடும் பழக்கம் மட்டும் இன்னும் திருந்தவில்லை, ஆனாலும் இன்று காலை காரைக் கழுவிவிட்டுப் பினாங்குக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.