பூனை மண் கூட்டிய மாதங்கள்

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் என் மகள் ஐந்து மாத வயிற்றோடு பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினாள். பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒரு பூனை. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. கடத்தூரை ஒட்டிய எங்கள் ஊரில் பூனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் காரில் வந்து இறங்கும் பூனையை அன்றுதான் பார்த்தோம்.

மாப்பிள்ளை கூடையை வாசலில் வைத்துவிட்டு, அகலமான நீலத் தட்டு ஒன்றையும் கனமான பை ஒன்றையும் இறக்கினார்.

"அது என்ன கண்ணு மூட்டை?" என்று மகளிடம் கேட்டேன்.

"லிட்டர்ப்பா."

"எத்தன லிட்டரு?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் விளக்கினாள். அது பூனை வெளிக்குப் போவதற்கான மண். அந்தத் தட்டில் கொட்டி வைத்தால் பூனை அதிலேயே போய், அதிலேயே மூடிவிடும். ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியாகிவிடும். கட்டியை ஓட்டைக் கரண்டியால் அள்ளி எறிந்தால் போதும். நாற்பது வருடமாக மண்ணில் பாடுபடுகிறவன் நான். மண்ணைப் பையில் அடைத்து ஊர்விட்டு ஊர் கொண்டுவருவார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

நான்காம் நாள் தருமபுரியில் ஸ்கேன் எடுத்தோம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும்தான் எழுந்திருக்கலாம்.

"வூட்டுல பூனை ஒண்ணு இருக்குதுங்க," என்றாள் என் மனைவி, அதைத் துரத்தச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையோடு.

"இருந்துட்டுப் போகட்டும்மா. ஆனா கிருமி தொத்தும், அதோட கழிவை இவங்க தொடவே கூடாது. அது போற மண்ணையும்தான். வேற யாராவது சுத்தம் பண்ணுங்க."

வேறு யார்? என் மனைவிக்கு வீசிங். முதல் நாள் மாப்பிள்ளை அந்தப் பையைப் பிரித்துக் கொட்டியபோது எழுந்த வெள்ளைத் தூசிக்கே அவளுக்கு இழுப்பு வந்து, இன்ஹேலரைத் தேட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை அன்றே வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் சனிக்கிழமைதோறும் ரயிலில் மொரப்பூர் வந்து, ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். மிச்சம் இருந்தது நான்தான்.

ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் நான் வீட்டுக்குள் சீமாற்றைக் கையில் எடுத்ததில்லை. வயல் மண் என் காலோடு ஒட்டி உள்ளே வந்தபோதெல்லாம் பின்னாலேயே கூட்டிச் சுத்தம் செய்தவள் என் மனைவி. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நான் கூட்டத் தொடங்கிய முதல் நாள் தரையில் சிதறிக் கிடந்ததைப் பார்த்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். மண் என்றால் தண்ணீரில் கரைந்து ஓடும் என்ற நினைப்பு. இதுவோ தண்ணீர் பட்டதும் ஊறி, களியாகி, டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு பரவியது. சமையலறையிலிருந்து வந்த என் மனைவி சுவரைப் பிடித்துத் தப்பித்தாள்.

"கூட்டறதுன்னா காஞ்ச சீமாறுல கூட்டணுங்க. வயலுக்குத் தண்ணி கட்டறீங்களா?"

கட்டிலில் இருந்து மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்று முழுவதும் மண்டியிட்டு அந்தக் களியைத் தகட்டால் சுரண்டி எடுத்தேன்.

பிறகு மெல்ல மெல்லப் பழகினேன். பூனை தட்டைவிட்டு வெளியே குதிக்கும்போது அதன் கால்விரல் இடுக்குகளில் சிக்கிய மண்தான் வீடெங்கும் உதிர்கிறது என்று கண்டுபிடித்தேன். தட்டுக்கு முன்னால் ஒரு கோணிச்சாக்கை விரித்தேன். பாதி மண் சாக்கின் இழைகளுக்குள் நின்றது. மீதியை எதுவும் நிறுத்த முடியவில்லை. டிவிக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், சாமி படத்துக்கு முன்னால், மடித்த வேட்டிக்குள்கூடக் கிடந்தது.

காலையில் வயலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்புவேன். மழை ஓய்ந்த நாட்களில் அந்த நேரத்து வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து தரையில் படுத்திருக்கும். அந்த வெளிச்சத்தில் மண்ணின் ஒவ்வொரு மணியும் தன் சின்ன நிழலோடு தனித்தனியாகத் தெரியும். குந்தி உட்கார்ந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து கூட்டுவேன். கூட்டக் கூட்ட வீடு பெரிதாகிக்கொண்டே போவதுபோல் இருக்கும். எந்த அறையில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடும். சில சமயம் தண்ணீர் வற்றிய ஆற்றின் நடுவே உட்கார்ந்திருப்பதுபோலவும், கரை எங்கோ தூரத்தில் இருப்பதுபோலவும் தோன்றும். மதியம் கண்ணயரும்போது பூனை தட்டில் பறண்டும் சத்தம் கேட்கும். தூக்கத்தில் அது தூரத்து மழையாகிவிடும். எங்கள் மஞ்சள் தோட்டத்தின் மேல் பெய்கிறது என்று நினைத்துக்கொண்டே இன்னும் ஆழமாகத் தூங்கிப்போவேன்.

கார்த்திகை பிறந்து சில நாட்களில் பையில் இருந்த மண் தீர்ந்தது. அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளையால் வர முடியவில்லை. தருமபுரிக்குப் போய்த் தேடி வாங்கச் சோம்பல்பட்டு, எங்கள் வயல் மண்ணையே காயவைத்து, சலித்து, தட்டு நிறையக் கொட்டினேன். பூனை வந்தது. ஒரு முறை முகர்ந்து, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. மறு நிமிடம் திறந்திருந்த பின்கதவு வழியாக மழைக்குள் ஓடிவிட்டது.

வந்துவிடும் என்று நினைத்தேன். மதியம் வரை வரவில்லை. நான் தெருக்கோடி வரை தேடிவிட்டுத் திரும்பியபோது, கேட்டுக்கு வெளியே மழையில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை கேட்டில். பூனையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள போ மொதல்ல!" என்று கத்தினேன். "வயித்துல இருக்கறது முக்கியமா, பூனை முக்கியமா?"

அவள் கேட்டிலிருந்து கையை எடுத்தாள். மெதுவாக உள்ளே போய்ப் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பூனையைப் பிறகு நான்தான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் யாரோ கட்டிக்கொண்டிருந்த வீட்டில், மேலே தார்ப்பாய் கட்டியிருந்த எம்-சாண்ட் மணல் குவியலின் உச்சியில் நனையாமல் உட்கார்ந்திருந்தது. துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் விட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே தருமபுரி போய் பழைய பையைக் காட்டி அதே மண்ணை வாங்கி வந்தேன். ஆனாலும் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் கட்டிலுக்கு அடியில் கூட்டப் போனேன். உயரம் குறைந்த கட்டில். குப்புறப் படுத்து, தோள் வரை உள்ளே நுழைந்தால்தான் சீமாறு சுவரோரம் எட்டும். பாதி உடம்பு உள்ளே இருந்தபோது மேலிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, போன வருஷமும் ஒண்ணு போச்சுப்பா."

சீமாறு நின்றுவிட்டது. முதல் கர்ப்பம் கலைந்தது எனக்குத் தெரியும். இரண்டாவதாக ஒன்று இருந்ததே தெரியாது.

"மூணாம் மாசம்," என்றாள். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்து இறங்குறோம், கீழ பார்க்கிங்ல ஒரு டயர் மேல இது உக்காந்திருந்துச்சு. இத்தினியூண்டு. தூக்கிட்டு வந்துட்டேன். ஒரு மாசம் நான் யார்கிட்டயும் பேசலப்பா. அவர்கிட்டகூடப் பேசல. இதுகிட்ட மட்டும்தான் பேசுனேன். அது காணோம்னதும் படுத்திருக்க முடியல. தெரிஞ்சு பண்ணலப்பா."

கட்டிலின் அடிப்பலகை என் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அது லேசாக அதிர்ந்தது. அவள் அழுகிறாள் என்று புரிந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை அவளால் சொல்லியிருக்க முடியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னாலும் கேட்டிருக்க முடியாது. அங்கே அரை இருட்டில் வெள்ளை மணிகள் மட்டும் மங்கலாக மின்னிக்கொண்டிருந்தன.

"அப்பா? பாத்து வெளிய வாங்க. தலை இடிச்சுக்கப் போறீங்க."

"அந்த மூலையிலயும் கொஞ்சம் கெடக்குது கண்ணு. கூட்டிட்டு வரேன்," என்றேன். மூலையில் ஒன்றும் இல்லை. கண் காயும் வரை அங்கேயே இருந்தேன்.

பிறகு சமையலறைக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். "மொத தடவ சொன்னப்ப நீங்க என்ன பண்ணீங்க? ஒரு வார்த்தை பேசாம வயலுக்குப் போயிட்டீங்க. பொழுது சாஞ்சுதான் வந்தீங்க. அன்னிக்குப் போன்ல அவ, 'அப்பா ஒண்ணுமே சொல்லலியாம்மா'ன்னு கேட்டா. நான் என்னன்னு சொல்றது?"

அன்று நான் மஞ்சள் பாத்திகளுக்கு நடுவில் சாயங்காலம் வரை சும்மா நின்றிருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நின்றிருந்தேன். அதை என் மனைவியிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இத அவகிட்டயே சொல்லுங்க," என்றாள்.

அன்று மதியமே சொன்னேன். மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் கை ஒன்று கட்டில் ஓரத்தில் கீழே தொங்கியது. அதன் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கூட்டும்போதெல்லாம் பேசுவது என்று ஆகிவிட்டது. தோட்டத்தில் மயில் இறங்கியது, மோட்டார் பழுதானது, கடத்தூர் சந்தையில் யாரைப் பார்த்தேன் என்பது எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். தூங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பேன். மார்கழியும் தையும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. பனியும், சாய்ந்த வெயிலும், சீமாற்றின் சத்தமும், பாதித் தூக்கத்தில் அவள் போடும் 'உம்'முமாக அந்த மாதங்கள் கலங்கலாகத்தான் நினைவில் இருக்கின்றன.

மாசி மாதம், குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால், தருமபுரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். மாப்பிள்ளை அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தார். என் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணு பொறந்திருக்குது தாத்தா, புடிங்க," என்று துணியில் சுற்றி என் கையில் வைத்துவிட்டார்.

கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் அசைத்தது. நான் பேசாமல் நின்றுவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். நர்ஸ் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளும் வரை நிறுத்தவில்லை.

மகளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது சாயங்காலமாகிவிட்டது. மயக்கம் முழுதாகத் தெளியாத கண்ணோடு என்னைப் பார்த்தாள்.

"பாப்பாகிட்ட என்னமோ ரொம்ப நேரம் பேசிட்டிருந்தீங்களாம். நர்ஸ் சொன்னாங்க. என்ன சொன்னீங்க?"

"மஞ்சள் வெட்டி முடிஞ்சுது, வேக வெக்கிறதுக்கு ஆள் கெடைக்கலன்னு சொன்னேன்."

"பொறந்த கொழந்தைகிட்டயா?"

"பின்ன, அவளுக்கும் தெரிய வேணாமா?"

"சிரிக்க வெக்காதீங்கப்பா," என்று முனகினாள். "தையல் வலிக்குது."